டாமைப் பிடித்திருக்கும் இரும்பு சத்தத்தை எங்கே கொண்டுபோகிறது?

உங்கள் டிரம் செட்டில் இருக்கும் 12 இன்ச் டாமை, அதாவது ஹோல்டரில் தொங்கும் சிறிய டிரம்மை, கழற்றுங்கள். ஓரத்து வளையமான ரிம்மை இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டு, இன்னொரு கையால் தோலின், அதாவது ஹெட்டின், நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். சத்தம் முழுக்க அடங்கும்வரை காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு டாமை மறுபடி, காலால் வாசிக்கும் பேஸ் டிரம் மேல் நிற்கும் ஹோல்டரில் மாட்டி, விங் நட்டை இறுக்கி, அதே இடத்தில் அதே பலத்தில் தட்டுங்கள். பல செட்டுகளில், முக்கியமாகப் பழைய செட்டுகளிலும் விலை குறைந்த செட்டுகளிலும், இந்த இரண்டாவது தட்டு பாதியிலேயே நின்றுவிடும். ஹெட் மாறவில்லை, டியூனிங் மாறவில்லை, குச்சியும் அதேதான். நடுவில் புதிதாக வந்தது ஒரு இரும்புக் குழாயும் ஒரு பிராக்கெட்டும் மட்டும்.

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிது இல்லை. ஆனால் காரணம் கேட்டால் "மரம் சரியில்லை", "ஹெட் செத்துப்போச்சு", "இந்த விலைக்கு இதுதான் வரும்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அப்புறம் புது ஹெட் வாங்கி மாட்டுவார்கள், இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், மூன்றாவது நாள் பழைய கதை. டாம் தொங்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது இரும்பு, இரும்புக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு.

சம்பந்தம் இருக்கிறது. டாமைத் தாங்கும் இந்தப் பிடிக்கு மவுண்ட் என்று பெயர், அது டாமுக்கு எந்தச் சத்தத்தையும் கூட்டித் தருவதில்லை. எடுத்துக்கொள்ள மட்டும்தான் அதற்குத் தெரியும். அது முதலில் எடுத்துக்கொள்வதும் டாமுக்கு உடம்பாக இருக்கும் அடிச்சுருதியை, அதன் இருப்பதிலேயே தாழ்ந்த சுருதியைத்தான். ஏன் அதைக் குறிவைத்து எடுக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு தோலைத் தட்டினால் அது ஒரே மாதிரி மட்டும் அதிராது. முழுத் தோலும் சேர்ந்து மேலும் கீழுமாகப் போய்வருவது ஒரு வகை, இருப்பதிலேயே தாழ்ந்த சுருதி அதனுடையது. ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே இறங்குவது அடுத்தது. நான்கு துண்டாகப் பிரிந்து ஆடுவது அதற்கும் அடுத்தது. முதலாவதின் அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று போகும். தந்தியில் வருவது போல 2, 3, 4 என்று ஒழுங்காக வராது. அதனால்தான் சும்மா இழுத்துக் கட்டிய தோலுக்கு இன்ன சுருதி என்று தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. மிருதங்கம் இதிலிருந்து எப்படித் தப்பித்தது என்று கண்டு சொன்னவர் நம் காவிரிக்கரைக்காரர்தான், 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் பூசியிருக்கும் கரணை தோலின் எடையைப் பகிர்ந்து வைக்கும் விதத்தால் மேல் அதிர்வுகள் ஏறக்குறைய முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன என்று 1920-லும், பிறகு 1934-ல் இன்னும் விரிவாகவும் அவர் எழுதினார். மிருதங்கம் சுருதியோடு சேர்வதற்குக் காரணம் அந்தக் கறுப்பு வட்டம்.

டாமில் கரணை கிடையாது. அதற்குக் கிடைத்திருப்பது மேலே ஒரு ஹெட், கீழே ஒரு ஹெட், நடுவில் அடைபட்ட காற்று. மேல் ஹெட்டை அடித்ததும் உள்ளே இருக்கும் காற்று கீழ் ஹெட்டையும் தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து போய்வருவதுதான் டாமின் அடிச்சுருதி. 12 இன்ச் டாமில் அது பெரும்பாலும் 100-லிருந்து 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், தரையில் காலூன்றி நிற்கும் 16 இன்ச் ஃப்ளோர் டாமில் 70, 80 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். மேல் அதிர்வுகள் குச்சி பட்ட மறுகணமே பெருமளவு அடங்கிவிடும். அதற்குப் பிறகு மிச்சம் நிற்கும் நீண்ட ஒலி, அதாவது கார்வை, இந்த அடிச்சுருதியை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இரண்டு ஹெட்டும், நடுவில் இருக்கும் காற்றும், மூன்றும் சேர்ந்து கீழே போகின்றன. அப்படியானால் எதிர்த்திசையில் ஏதாவது ஒன்று மேலே போயே ஆக வேண்டும். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகர்வது போல இங்கே நகர்வது ஷெல், டாமின் மரக்கூடு. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஷெல் முழுசாக, அதில் திருகியிருக்கும் லக் என்ற இரும்புப் பிடிகள், ரிம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, ஹெட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்வருகிறது. நொடிக்கு நூறு தடவைக்கு மேல். விரலை ஷெல்லில் லேசாக வைத்துக்கொண்டு டாமை அடித்துப் பார்த்தால் இந்த நடுக்கம் தெரியும். தோலின் ஒரு பாதி மேலும் மறுபாதி கீழுமாக ஆடும் இரண்டாவது அதிர்வில் ஷெல் மேலே கீழே போகாது, இப்படியும் அப்படியுமாகத் தலையாட்டும். நான்கு துண்டாகப் பிரிந்து ஆடும்போது ஷெல்லை மொத்தமாக நகர்த்தும் விசை மிச்சம் இருப்பதில்லை. ஆக, மவுண்ட்டை நேராகப் பிடித்து மேலும் கீழும் உலுக்குவது அடிச்சுருதிதான், அதனால் மவுண்ட் தின்பதும் அதைத்தான். டாம் "டூம்" என்று போகாமல் "டக்" என்று நின்றுவிட்டால் போனது அந்த ஒன்று என்று அர்த்தம்.

இங்கே ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. மவுண்ட் கெட்டியாகப் பிடித்தால் சத்தம் செத்துவிடும், தளர்வாகப் பிடித்தால் உயிரோடு இருக்கும் என்று. அப்படி இல்லை. டாமைக் காங்கிரீட் தூணில் அசையவே முடியாதபடி பதித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷெல் நகரவே முடியாது, நகராத பொருள் வழியாகச் சக்தி வெளியே போகவும் முடியாது, ஹெட்டுகள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். மறுபக்கம், டாம் காற்றில் மிதந்தால் ஷெல் தன் இஷ்டத்துக்கு ஆடும், அப்போதும் சக்தி எங்கேயும் போகாது. சக்தியை ஒழுகவிடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிடிதான், ஷெல்லோடு சேர்ந்து கொஞ்சம் ஆடுகிற, ஆடும்போதே உரசிச் சூடாக்கித் தொலைக்கிற பிடி. நம் ஊரில் கிடைக்கும் டாம் ஹோல்டர் எல்லாம் இந்த நடுவில்தான் இருக்கின்றன. ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பந்து மூட்டு, அதில் தேய்ந்த பிளாஸ்டிக் வாஷர், கீழே பேஸ் டிரம்மின் ஷெல். அந்த பேஸ் டிரம் ஷெல்லும் அசையாத தரை இல்லை, சில மில்லிமீட்டர் கனத்தில் வளைத்த பலகை, அதன் இரண்டு பக்கமும் 22 இன்ச் ஹெட். டாமை அடித்தால் அந்த ஹெட்டுகளும் கொஞ்சம் சேர்ந்து முனகும். பேஸ் டிரம்முக்கு வைத்த கிக் மைக்கை மட்டும் தனியாகத் திறந்துவைத்து டாமை அடித்துப் பாருங்கள், டாமின் சக்தி எங்கே போகிறது என்று ஸ்பீக்கரிலேயே கேட்கலாம்.

இதைவிட வில்லங்கமான ஒன்றும் இருக்கிறது. ஹோல்டருக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் மூன்று நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த அமைப்பு ஆடுவதற்கென்று சில வேகங்கள் வந்துவிடும். அவற்றில் ஒன்று டாமின் அடிச்சுருதிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போச்சு, டாம் அந்தச் சுருதியில் வாயையே திறக்காது. அரைச்சுரம் ஏற்றினால் உயிர் வரும், இறக்கினாலும் வரும், அந்த ஒரு இடத்தில் மட்டும் செத்துக்கிடக்கும். டியூன் பண்ணுகிறவர் ஹெட்டைத் திட்டிக்கொண்டே டிரம் கீயைத் திருகிக்கொண்டிருப்பார். சரியான சோதனை வேறு: கம்பியை ஹோல்டருக்குள் இரண்டு இன்ச் உள்ளே தள்ளுங்கள், அல்லது சாய்வை மாற்றுங்கள், டியூனிங்கைத் தொடாதீர்கள். செத்த சத்தம் திரும்பி வந்தால் குற்றவாளி ஹெட் இல்லை.

மன்னார்குடி பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் இது நேராகவே நடந்தது. மைக்செட் பையன் மேடைக்கு ஓடிவந்து "அண்ணே, ரெண்டாவது டாம்ல மட்டும் ஒண்ணுமே வரல, மைக் போயிடுச்சா பாருங்க" என்றான். "மைக் நல்லாத்தான் இருக்கு தம்பி, டாமே வரல" என்றார் எங்கள் டிரம்மர். இருந்த இடத்திலிருந்து ஹோல்டர் கம்பியைக் கொஞ்சம் இறக்கி, டாமின் சாய்வைத் தன் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். மிக்ஸரில் அந்த சேனலின் கெயினை அவசரமாகக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இன்று நம் கைக்கு வரும் செட்டுகளில் எல்லாக் காலத்து மவுண்ட்டும் கலந்து வருகின்றன. அமெரிக்காவில் டிரம் செட் உருவான ஆரம்ப நாட்களில் டாம் என்பது ஆணி அடித்துத் தோல் பொருத்திய சீனத்து டிரம், அதை பேஸ் டிரம் மேல் தொங்கவிட்டார்கள். 1930-களில் அமெரிக்க டிரம்மர் ஜீன் குருப்பா காலத்தில்தான் மேலும் கீழும் இரண்டு பக்கமும் டியூன் பண்ணக்கூடிய டாம் புழக்கத்துக்கு வந்தது. பிறகு பேஸ் டிரம் ஷெல்லில் தண்டவாளம் போல ஒரு இரும்புப் பட்டையைத் திருகி அதில் மாட்டும் முறை வந்தது, 1960-களில் நாம் கேட்டு வளர்ந்த வெளிநாட்டுப் பாட்டுகளில் பெரும்பாலும் அந்த மாதிரி டாம்தான். 1970-களில் வாசிப்பு முரட்டுத்தனமானது, செட் பெரிதானது, இரும்பும் தடித்தது. கனமான குழாய் டாமின் ஷெல்லைத் துளைத்து உள்ளேயே போய் உட்கார்ந்தது. டாம் அசையவே அசையாது, அது வசதி. கார்வை குறைந்தது, அதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் ஸ்டுடியோக்களில் கீழ் ஹெட்டையே கழற்றிவிட்டு, மேல் ஹெட்டில் டேப்பும் துணியும் ஒட்டி வாசித்த காலம் அது.

1980-ஐ ஒட்டி கேரி காகர் என்ற அமெரிக்கர் 'ரிம்ஸ்' என்ற மவுண்ட்டைக் கொண்டுவந்தார். ஷெல்லில் எதையும் திருகாமல், மேல் ரிம்மை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ராடுகளில் நாலைந்தை ரப்பர் வளையம் வைத்துத் தாங்கி, டாமைச் சுற்றி வளைந்து போகும் ஒரு உலோகப் பட்டையில் தொங்கவிடுவது. ஹோல்டர் அந்தப் பட்டையைப் பிடிக்கும், பட்டைக்கும் டாமுக்கும் நடுவில் ரப்பர் மட்டும். கேட்டவர்கள் அசந்துபோனார்கள், அதன் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆளுக்கொரு வடிவத்தில் இதையே செய்தன. டாமாவின் ஸ்டார் காஸ்ட், பேர்லின் ஆப்டி மவுண்ட், டிடபிள்யூவின் எஸ்டிஎம், சோனாரின் டார் என்று பெயர்கள் நீளும். உள்ளே இருக்கும் வித்தை ஒன்றுதான்: ஷெல்லோடு சேர்ந்து ஆடக்கூடிய ஒன்றில் டாமைத் தொங்கவிடு, ரப்பரை நடுவில் வை.

யமஹா மட்டும் வேறு வழியில் போனது. 'யெஸ்' என்ற அவர்கள் மவுண்ட் இன்னும் ஷெல்லில்தான் திருகப்படுகிறது, ஆனால் ஷெல்லில் அதிர்வு குறைவாக இருக்கும் புள்ளியாகத் தேர்ந்தெடுத்து, தொடும் பரப்பைக் குறைத்து, கம்பி ஷெல்லுக்குள் நுழையாதபடி. நன்றாகவே வேலை செய்கிறது, நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த "அதிர்வில்லாத புள்ளி" விளக்கத்தை முழுசாக ஏற்க எனக்கு மனசு வரவில்லை. ஷெல் வளைந்து நெளியும் அதிர்வுக்கு அப்படிப்பட்ட புள்ளி இருக்கலாம். மேலே சொன்ன மாதிரி ஷெல் மொத்தமாகப் போய்வரும்போது அதில் அசையாத புள்ளி என்று எங்கேயும் இருக்காது. குழாய் உள்ளே போகாததும், பிடியின் அமைப்பும்தான் அங்கே பெரும்பங்கு வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு.

ஷெல்லில் ஓட்டை போட்டதால்தான் சத்தம் போய்விட்டது என்கிறவர்களும் உண்டு. அநேகமாக எல்லா டாமிலும் காற்று போக ஒரு ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. மவுண்ட்டுக்காகப் போட்ட ஓட்டையைக் குழாயே அடைத்துக்கொள்ளும். அதனால் வரும் நஷ்டம் பெரிதாகப் பேசும் அளவுக்கு இல்லை. நஷ்டம் குழாயின் எடையிலும் அது கொண்டுபோகும் அதிர்விலும் இருக்கிறது.

சரி, ரப்பர் ஏன் உதவுகிறது? மெத்து மெத்தென்று இருப்பதால் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ரப்பரில் தொங்கும் டாம் தானே மெதுவாக ஆடும் ஒரு வேகம் இருக்கிறது, நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை போல. டாமின் சுருதி அதைவிடப் பல மடங்கு மேலே இருக்கும்வரை அந்த அதிர்வு ரப்பரைத் தாண்டி ஹோல்டருக்குப் போகாது. ரப்பர் விறைத்துப்போனால், அல்லது நசுங்கிக் கல்லாகிவிட்டால், அந்த ஆட்ட வேகம் மேலே ஏறி டாமின் சுருதியை நெருங்கும், தடுப்பும் போய்விடும். இதனால்தான் நம் ஊரில் பலர் செய்யும் ஒரு கைவைத்தியம் பலிப்பதில்லை: சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, ஹோல்டர் கம்பிக்கும் கிளாம்புக்கும் நடுவில் சுற்றி, பிறகு கம்பி நழுவக் கூடாதே என்று விங் நட்டை முறுக்குமுறுக்கென்று முறுக்குவார்கள். அந்த அழுத்தத்தில் டியூப் ரப்பராக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ரப்பர் எடையைத் தாங்க வேண்டும், இறுக்கத்தைத் தாங்கக் கூடாது.

பலிக்கிற கைவைத்தியமும் இருக்கிறது. நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் டாமின் வளைவைக் காட்டி, மூன்று மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பட்டை வளைத்துத் தரச் சொல்லி, அதில் டென்ஷன் ராடு போகிற இடங்களில் பெரிய துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் காடி வெட்டிய ரப்பர் புஷ் ஒன்றைப் பொருத்தினால் போதும், ஒயர் போகும் துளைகளில் மாட்டுகிற அந்த சாதாரண வளையம்தான். ரிம் பட்டையின் மேல் உட்காராமல் ரப்பரின் மேல் உட்கார வேண்டும், ராடு துளையின் ஓரத்தில் எங்கேயும் இரும்போடு இரும்பாக உரசக் கூடாது. இரண்டு இடத்தில் கவனம் தவறினாலும் செய்த செலவு வீண். பட்டையின் ஓரம் ஷெல்லில் எங்கேயாவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தாளை நடுவில் விட்டுப் பார்த்துவிட வேண்டும், அடிக்கும்போது 'ஸ்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வந்தால் தொடுகிறது என்று அர்த்தம்.

இந்த மாதிரி மவுண்ட்டுக்குத் தொல்லைகளும் உண்டு, கடைக்காரர் சொல்லமாட்டார். ஹெட் மாற்ற ராடைக் கழற்றினால் டாமே கையோடு வந்துவிடும், கச்சேரி நடுவில் ஹெட் கிழிந்தால் திண்டாட்டம். ராடுகளே எடையைத் தாங்குவதால் சில டாம்களில் டியூனிங் சீக்கிரம் இறங்கும். டாம் குச்சிக்குக் கீழே ஊசலாடும், வேகமாக வாசிக்கிறவர்களுக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும். சிறிய டாமுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால் பெரும்பாலும் தேவையில்லை என்பேன். அதற்கு ஸ்நேர் ஸ்டாண்ட் போதும், அதன் மூன்று விரலும் கீழ் ரிம்மை நெரிக்காமல் சும்மா தாங்கினால் சரி. நெரித்தால் கீழ் ஹெட் அடங்கிவிடும்.

ஃப்ளோர் டாம் தனிக் கதை, டெல்டாவில் வாசிக்கிறவர்களுக்கு மேல் டாமைவிட இதுதான் அதிகம் படுத்தும். அதன் மூன்று கால்களும் ஷெல்லிலிருந்து நேராகத் தரைக்குப் போகின்றன, ஷெல் மேலும் கீழுமாக ஆடுகிற அதே திசையில். காலின் நுனியில் இருக்கும் ரப்பர் குப்பி தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பி தரையைத் தொட ஆரம்பித்தால் ரப்பர் இருந்தும் இல்லாதது போலத்தான். கல்யாண மண்டபத்தின் டைல்ஸ் தரையில் வைத்தால் ஒரு சத்தம், சவுக்குக் கழி கட்டி மேலே பலகை பரப்பிய திருவிழா மேடையில் வைத்தால் வேறு சத்தம். டைல்ஸ் தரை அசையாது, அதனால் அங்கே கால்கள் அவ்வளவாகச் சக்தியைத் தொலைப்பதில்லை. பலகை மேடை ஆடும், ஒவ்வொரு பலகையும் தனியாக ஆடும், ஃப்ளோர் டாமின் 70, 80 ஹெர்ட்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளும். மதியம் ரிகர்சலில் மண்டபத்தில் நீளமாகப் பேசிய டாம் ராத்திரி மேடையில் ஊமையாகிவிடுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

பலகை திருப்பியும் கொடுக்கும், அதுதான் இன்னும் தொந்தரவு. பேஸ் கிடார் ஆம்பும் மானிட்டர் ஸ்பீக்கரும் அதே பலகை மேல் நிற்கின்றன. பேஸ் வாசிப்பவர் டாமின் சுருதிக்குப் பக்கத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தால் யாரும் அடிக்காமலே ஃப்ளோர் டாம் முனகத் தொடங்கும், டாம் மைக் அதை எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மைக்செட்காரர் ஈக்வலைசரில் அந்த இடத்தை வெட்டுவார், டாமின் உடம்பும் அதோடு சேர்ந்து வெட்டுப்படும். இரண்டு பக்கப் போக்குவரத்தையும் ஒரே அடியில் நிறுத்த ஒவ்வொரு காலின் கீழேயும் உள்ளங்கை அளவு கனத்த ஃபோம் துண்டு வைத்தால் போதும். குஷன் கடையில் வெட்டித் தருகிற அடர்த்தியான வகை, டாம் வைத்ததும் முழுசாக அமுங்கிப்போகாத அளவுக்குக் கெட்டி. மேடையில் விரித்திருக்கும் ஜமுக்காளம் இதற்குப் பதிலாகாது, அது மெல்லியது, உடனே நசுங்கிவிடும்.

இவ்வளவு பேசும்போது பக்கத்திலேயே இருக்கும் தவிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நீடாமங்கலம், வலங்கைமான், அரித்துவாரமங்கலம் என்று தவில்காரர்களால் பெயர் வாங்கிய ஊர்கள் நிறைந்த பகுதி இது. பலா மரத்தைக் குடைந்த கட்டை, இரண்டு பக்கமும் வளையத்தில் தோல், வாசிப்பவர் வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டியும் மறுபக்கம் கழியாலும் வாசிப்பார். வீதியுலாவில் தோளிலிருந்து பட்டையில் தொங்கும், கச்சேரியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இப்போது வார் போட்டு இழுத்துக் கட்டுவதற்குப் பதிலாக நட்டு போல்ட்டு வந்துவிட்டது, ஆனால் எங்கே மாட்டித் தொங்கவிடுவது என்ற கவலை தவிலுக்கு வந்ததாக நான் கேட்டதில்லை. காரணம் எடை. டாமின் ஷெல் ஆறேழு மில்லிமீட்டர் பிளை மரம், தவிலின் கட்டை அதைவிடப் பல மடங்கு கனம். தோல் தள்ளினால் அது ஏறக்குறைய நகர்வதே இல்லை, நகராததால் பட்டை வழியாகவோ மடி வழியாகவோ போக ஒன்றும் இல்லை. அதோடு தவிலுக்குக் கார்வை நீளமாக வேண்டியதும் இல்லை, சொல் சொல்லாக வெட்டி விழ வேண்டும். திருவாரூர் தியாகராஜர் கோயிலில் இருக்கும் பஞ்சமுக வாத்தியத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு: ஐந்து வாய்க்கும் தோல் கட்டிய கனத்த வெண்கலக் குடம், அதைச் சக்கரம் வைத்த வண்டியில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எடைக்கு முன்னால் வண்டி எப்படிப் பிடித்தால் என்ன? ஷெல் லேசாக லேசாகத்தான் பிடியின் முக்கியத்துவம் ஏறும். மெல்லிய மேப்பிள் ஷெல்லுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, அதைக் கனத்த குழாயில் குத்தி வைப்பது வேடிக்கையான காரியம்.

அப்படியானால் கார்வை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லதா? இல்லை. நம் கல்யாண மண்டபங்களில் பாதி வெறும் சுவர், தரை டைல்ஸ், மேலே தகரம் அல்லது காங்கிரீட், ஏற்கெனவே எல்லாம் எதிரொலித்துக் குழம்பிக் கிடக்கும். அங்கே நீளமான டாம் சத்தம் பாடகரின் வாயை மூடிவிடும். வயல் ஓரத் திருவிழா மேடையில் நிலைமை தலைகீழ், சத்தம் போனால் திரும்பி வர சுவரே இல்லை, டாமுக்குச் சொந்தமாக இருக்கும் நீளம்தான் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் மொத்த நீளமும். அதனால் சிலர் "எப்படியும் ஹெட்டில் ஜெல் துண்டு ஒட்டிச் சத்தத்தை அடக்கத்தானே போகிறோம், மவுண்ட் எப்படி இருந்தால் என்ன" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: ஹெட்டில் ஒட்டும் ஜெல்லை நீங்கள் கூட்டலாம் குறைக்கலாம், மண்டபத்துக்கு ஒட்டி வயலில் பிய்த்துப் போடலாம், அது முதலில் அடக்குவது மேலே கிறீச்சிடும் அதிர்வுகளை. மவுண்ட் செய்வது இதற்கு நேர்மாறு, கீழே இருக்கும் உடம்பை எடுத்துவிட்டு மேலே இருப்பதை விட்டுவைக்கிறது, எவ்வளவு எடுக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு டாமிலும் ஒவ்வொரு அளவு எடுக்கும். 10, 12, 14, 16 என்று ஒரு ரோல் இறங்கி வரும்போது மூன்று டாம் நீண்டு பேசி நடுவில் ஒன்று மட்டும் சுருக்கென்று நின்றால், காதில் படி தவறியது போல இருக்கும். எனக்கு நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, நான்கும் ஒரே மாதிரி குறைய வேண்டும். மவுண்ட்டைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். ஷெல்லின் ஓரம் மேடுபள்ளமாக இருந்தாலோ, ஹெட் குழிவிழுந்து போயிருந்தாலோ, மேல் ஹெட்டும் கீழ் ஹெட்டும் சம்பந்தமே இல்லாத சுருதியில் இருந்தாலோ மவுண்ட்டைத் தொட்டுப் பிரயோஜனமில்லை. கையில் தூக்கிப் பிடித்துத் தட்டும்போதே டாம் பேசவில்லை என்றால் கோளாறு டாமில். கையில் பேசி ஹோல்டரில் பேசாவிட்டால் மட்டும் இரும்பின் பக்கம் வாருங்கள். அங்கேயும் முதலில் விலையில்லாத காரியங்கள்: பேஸ் டிரம் மேலிருந்து எடுத்து ஒரு சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு மாட்டிப் பார்ப்பது, கம்பியின் நீளத்தை மாற்றுவது, இரண்டு டாமின் ரிம்மும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் விலக்குவது, ரிம்மில் கடித்துத் தொங்கும் மைக் கிளிப்பை எடுத்துவிட்டுத் தனி ஸ்டாண்டில் வைப்பது. அதற்குப் பிறகும் தேவைப்பட்டால்தான் பட்டை, ரப்பர், செலவு.

பழைய செட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் செட்டுகளில் ஷெல் பளபளவென்று இருக்கும், உப்புக்காற்று இரும்பைத் தின்றிருக்கும். ஹோல்டரின் பந்து மூட்டைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள், துருவேறிய மூட்டு இறுக்கினாலும் உள்ளே நடுங்கும், சக்தியைத் தின்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ரப்பரில் தொங்கவிடும் சஸ்பென்ஷன் மவுண்ட் இருந்தால் ரப்பர் வளையம் ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்து திரும்பி எழும்பினால் நல்லது. பதியவே இல்லை, அல்லது பதிந்த இடம் வெடித்து உதிர்கிறது என்றால் வளையங்களை மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.